குசினிச் சுவர்

காலையில் கடலரணின் உச்சிப்படியில் சேற்றுக் காலைக் கழுவினால்தான் என்னை நெடுந்துறைக் கோட்டைக்குள் இறங்க விடுவார்கள். அரணுக்கு வெளியே முழங்காலளவு கடல். உள்ளே ஒல்லாந்தர் போட்ட கல் வீதி, பண்டகசாலை, தூசி தட்டிய பீரங்கிகள். சுற்றுலா வருகிறவர்களுக்கு இதையெல்லாம் நான்தான் சுற்றிக் காட்டுகிறேன். பொழுது சாய்ந்ததும் என்னையும் வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டிவிடுவார்கள்.

கடல் ஏறத் தொடங்கியபோது ஒரு சட்டம் வந்தது. முந்நூறு வருடம் பழையதற்கு மட்டுமே அரண். வயதைச் சொல்வது தொன்மைமானி, கல்லை வருடிப் பார்க்கும் சிறு கருவி. கோட்டைக்கு வயது இருந்தது. அதற்குக் கல் வெட்டிச் சுமந்த எங்கள் பரம்பரைக்கு வயது பார்க்க ஒரு கருவியும் இல்லை. நாசமாய்ப் போன சட்டம்!

என் புருசன் சூசைமுத்துவுக்குப் போன மாதம் ஒரு யோசனை வந்தது. கோட்டை மதிலில் இடிந்து விழுந்த முருகைக்கல்லை, அந்தப் பவளப்பாறைக் கல்லை, எடுத்துவந்து வீடு கட்டாத ஆள் எங்கள் தீவில் கிடையாது. நான் சமைக்கிற குசினியின் சுவரும் அப்படி எழும்பியதுதான். அதைக் காட்டினால் அரணை எங்கள் ஒழுங்கை வரைக்கும் நீட்டுவார்கள் என்று நம்பினான். நானும்தான் நம்பினேன். தொன்மை அதிகாரி ஆரூரனைக் கையோடு கூட்டிவந்தவளே நான்தான்.

கருவி பச்சையாய் ஒளிர்ந்தது.

"நானூறு வருசத்துக்கு மேலை," என்றார் ஆரூரன்.

சூசைமுத்து துள்ளிவிட்டான். "பாத்தியே ஜசிந்தா! நாங்கள் தப்பீட்டம்."

"கல்லுத்தான் தப்பும் தம்பி. இது கோட்டைச் சொத்து. உள்ளுக்குக் கொண்டுபோக வேணும்."

"அப்ப நாங்கள் எங்கை ஐயா போறது?"

"அதை என்னட்டைக் கேட்டு என்ன செய்யிறது? சட்டம் கல்லுக்குத்தான்."

மறுநாள் இயந்திரக் கைகள் வந்து சுவரைக் கல் கல்லாகக் கழற்றிக்கொண்டு போயின. அன்றைய பெருக்கிலேயே கடல் வீட்டுக்குள் புகுந்தது, கூரை சரிந்தது. இப்போது சமைப்பதும் படுப்பதும் படகில். கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொண்டோமே என்று சூசைமுத்து தன்னையே நொந்துகொள்கிறான். எனக்கு நோவு இல்லை, ஆத்திரம்தான்.

இன்று கோட்டைக்குள் எங்கள் சுவரை மறுபடி அடுக்கி, கண்ணாடி போட்டு மூடியிருந்தார்கள். வந்தவர்களில் ஒரு பெண் உற்றுப் பார்த்தாள்.

"கல்லிலை இது என்ன கறுப்பு?"

நான் வாய் திறக்குமுன் சுவரோரத்துப் பேசுகருவி முந்திக்கொண்டது. "ஒல்லாந்தர் காலத்துப் பீரங்கிப் புகை. தயவுசெய்து தொடாதீர்கள்."

"பொய்!" என்று கத்தினேன். "பீரங்கியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அது நான் மீன்குழம்பு வைச்ச புகை! அந்தக் குசினியிலை சமைச்ச ஆக்கள் இன்னும் சாகேல்லை. அரணுக்கு அங்காலை தண்ணியிலை கிடக்கிறம். வாங்கோ, அதையும் சுத்திக் காட்டுறன்."

எல்லாரும் என் பின்னால் உச்சிப்படி வரைக்கும் ஏறி வந்தார்கள். நான் கடலில் இறங்கி நின்று திரும்பிப் பார்த்தேன்.

ஒருவரும் சப்பாத்தைக் கழற்றவில்லை.