காரணம்: அறுவைச் சிகிச்சை

காலை ஆறு மணிக்கு ஆவுடையின் இதயம் அன்றைய அறிக்கையைச் சமையலறைச் சுவரில் எழுதியது.

வால்வு நலம். துடிப்பு சீர். அழுத்தம் நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு. நேற்றைய தலைச்சுற்றல் ஏழு முறை. காரணம்: அறுவைச் சிகிச்சை.

அவள் கணவர் கோமதிநாயகம் காபியோடு அதை வாசித்தார். மனைவியின் இதயத்தை வாசிக்காமல் அவருக்குக் காபி இறங்குவதில்லை.

"முந்தாநாள் அஞ்சு. நேத்து ஏழு. கூடுதே ஆவுடை."

"வாசிச்சது போதும். டம்ளரைப் புடிங்க, சிந்தப் போகுது."

ஆவுடை ஒரு கையால் சமையல் மேடையைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் இருமல் தலையணை. நெஞ்செலும்பைப் பிளந்து புது வால்வு வைத்து முப்பத்துநாலு நாள் ஆகியிருந்தது. அந்த வால்வை அவளுடைய தோலிலிருந்தே வளர்த்திருந்தார்கள். ஆனால் இருமும்போது தையல் விட்டுப்போகாமல் இருக்க, ஒரு தலையணையை நெஞ்சோடு அழுத்திப் பிடிப்பதைவிட மேலான வழியை அந்த நூற்றாண்டும் கண்டுபிடிக்கவில்லை.

அவர்கள் இருந்த ஊர் திகிரியூர். பூமிக்கு மேலே சுழலும் ஒரு பெருஞ்சக்கரம் அது. அதன் விளிம்பின் உட்புறத்தில் தெருக்கள் இருந்தன, வீடுகள் இருந்தன, இருபதாயிரம் பேர் இருந்தார்கள். சக்கரம் சுழல்வதால்தான் கால் தரையில் பாவியது. சுழலும் ஊரில் குமட்டாமல் வாழ எல்லாருக்கும் காதின் பின்னே ஒரு சிறு கருவி பதித்திருந்தார்கள். அதன் பெயர் நிதானி. ஊர் எப்படி ஆடினாலும் அது மூளையிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஆவுடையின் நிதானியை மட்டும் அறுவைச் சிகிச்சைக்காக அணைத்துவைத்திருந்தார்கள். வால்வு நன்றாகப் பொருந்தும்வரை அது கூடாதாம். நிதானி இல்லாவிட்டாலும் பத்து நாளில் உடம்பு பழகிவிடும் என்பது மருத்துவ விதி. ஆவுடையின் உடம்பு பழகவில்லை.

"நாற்பதாம் நாளுக்குள் தலைச்சுற்றல் நிற்காவிட்டால் உங்களை அச்சில்லத்துக்கு மாற்றுவோம்," என்றது சுவரிலிருந்த மருத்துவப் பொறி. அதை எல்லாரும் நாடி என்று கூப்பிடுவார்கள். அதன் குரல் எப்போதும் அன்பாகவே இருக்கும். "அங்கே நீங்கள் விழவே மாட்டீர்கள்."

அது உண்மைதான். அச்சில்லம் சக்கரத்தின் நடுவில், அச்சின் மேல் இருந்தது. அங்கே எடை கிடையாது. எடை இல்லாத இடத்தில் யாரும் விழுவதில்லை. மூன்று மாதம் மிதந்தால் கால் குச்சியாகிவிடும். அதன்பின் கீழே வந்து நிற்க முடியாது. போனவர்கள் யாரும் திரும்பியதில்லை.

"மிதந்துகிட்டே கெடக்க நான் என்ன ஊறுகாயா?" என்றாள் ஆவுடை.

"இது உங்கள் நன்மைக்காக."

"என் நன்மையை நான் பாத்துக்கறேன். எனக்கு ஒண்ணு சொல்லு. எழுந்திரிக்கும்போது சுத்துனா இதயம்னு சொல்லலாம். படுத்திருக்கும்போதும் சுத்துதே, ஏன்?"

"அறுவைச் சிகிச்சையின் விளைவாக இருக்கலாம்."

"காலைல தண்ணி விட்டப்புறம் மட்டும் கூடுதலா சுத்துதே?"

"அறுவைச் சிகிச்சையின் விளைவாக இருக்கலாம்."

ஆவுடை அதற்குமேல் கேட்கவில்லை. இருபத்தாறு வருடமாகக் குழாய் ஆய்வாளராக இருப்பவள் அவள். எங்கே கசிந்தாலும் "பழைய குழாய்ம்மா" என்று ஒரே பதில் சொல்லும் ஒப்பந்தக்காரர்களைப் பார்த்திருக்கிறாள்.

நுரையீரல் பயிற்சிக்காக, மூச்சை இழுத்தால் மூன்று பந்துகள் எழும்பும் கருவி ஒன்று கொடுத்திருந்தார்கள். கோமதிநாயகம் அதை முதல் வாரமே கீழே போட்டு உடைத்திருந்தார். அதிலிருந்து கழன்ற நீலப் பந்தை ஆவுடை ஒரு தட்டில் வைத்துத் தட்டைத் தரையில் வைத்தாள். பந்து மெல்ல உருண்டு ஜன்னல் பக்கம் போனது. நின்றது. யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பி வந்தது. ஜன்னலுக்கு அது போகும்போதெல்லாம் ஆவுடைக்குக் கண் இருட்டியது.

"தட்டு கோணல்," என்றார் கோமதிநாயகம்.

அவள் தட்டைத் திருப்பி வைத்தாள். பந்து அதே பாதையில் போய் வந்தது.

"தரை கோணல்."

"தரை கோணல்னா ஒரு பக்கமாத்தான் ஓடும். இது போய்ட்டுப் போய்ட்டு வருது. என் தலை சுத்தலைங்க. ஊரு ஆடுது."

கோமதிநாயகம் பந்தைப் பார்த்தார். பிறகு பரிதாபத்தோடு மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் முப்பத்துநாலு நாளாகப் பார்த்துவருகிறாள்.

"நீ படு. கட்டிலுக்குக் கீழே தண்ணி இருக்கு. குழாய்க்கெல்லாம் எழுந்து போகாதே."

கட்டிலுக்குக் கீழே பன்னிரண்டு தண்ணீர்ப் பைகள் இருந்தன. அவள் மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே வாங்கி நிரப்பி அடுக்கியிருந்தார். அக்கறைக்காரர்.

மறுநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில், ஆவுடை தலையணையை அணைத்துக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கினாள். சுவரைப் பிடித்து, விளக்குக் கம்பத்தைப் பிடித்து, ஒரு தடவை முன்பின் தெரியாத ஒருவரின் தோளையும் பிடித்து, நிறைசமன் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

சக்கரத்தின் ஒரு பக்கம் பாரம் கூடினால் எதிர்ப்பக்கக் குழாய்களுக்குத் தண்ணீரை ஏற்றி எடையைச் சரிசெய்வது அந்த நிலையத்தின் வேலை. பொறியாளர் அருள்வேந்தனுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். அவன் எழுந்து நாற்காலி போட்டான்.

"அம்மா, நீங்க ரெஸ்ட்ல இருக்கணுமே."

"நான் ரெஸ்ட்லதான் இருக்கேன். ஊருதான் இல்ல."

அவள் மடியிலிருந்து தட்டையும் பந்தையும் எடுத்து அவன் மேசைமேல் வைத்தாள். பந்து உருண்டது. அவன் தன் திரையைப் பார்த்தான்.

"லேசா அசையுதும்மா. ஆனா அனுமதி அளவுக்குள்ளதான் இருக்கு."

"அனுமதி அளவுன்னா?"

"மனுஷங்க உணராத அளவு."

"நான் உணர்றேனே. நான் மனுஷி இல்லையா தம்பி?"

அவன் சங்கடத்தோடு சிரித்தான். "அப்படி இல்லம்மா. இருபதாயிரம் பேர்ல ஒருத்தருமே சொல்லலையே."

"இருபதாயிரம் பேருக்கும் காதுக்குப் பின்னால ஒண்ணு உக்காந்து ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு இருக்கு. உன்னோடதை அணைச்சிட்டுச் சொல்லு. பத்து நிமிஷம் போதும்."

பொறியாளர்களுக்கு அந்த உரிமை உண்டு. அவன் காதின் பின்னே விரலை வைத்து அழுத்தினான். முதல் நிமிடம் சிரிப்பு மாறவில்லை. இரண்டாம் நிமிடம் மேசை விளிம்பைப் பிடித்தான். நாலாம் நிமிடம் குப்பைக்கூடையைத் தேடினான்.

ஆவுடை இருமல் தலையணையை அவனிடம் நீட்டினாள். "இதைக் கட்டிப் புடிச்சுக்கோ. கொஞ்சம் தேவலாம்."

அதன்பின் அரைமணி நேரத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு தெருவுக்கு விட்ட தண்ணீர் சாக்கடை வழியே திரும்பிவிடும் என்ற நம்பிக்கையில்தான் பம்புகள் எதிர்ப்பக்க எடையை மாற்றிவந்தன. நான்காம் பகுதிக்குப் போன தண்ணீர் திரும்பவே இல்லை. பம்புகள் எடையை ஏற்றிப் பார்த்தன. சரிவரவில்லை. இறக்கிப் பார்த்தன. மறுபடி ஏற்றின. அந்த ஏற்ற இறக்கம்தான் ஊரின் ஆட்டம்.

"எங்கேயோ பெரிய கசிவு," என்றான் அருள்வேந்தன். முகம் இன்னும் வெளுத்திருந்தது.

"கசிவுன்னா எனக்கு வாசனையே சொல்லும். நான்காம் பகுதி என் தெருதான். வா."

முதல் வீடு பக்கத்து வீட்டுப் பிலோமினாவுடையது. அங்கே கசிவு எதுவும் இல்லை. தண்ணீர்ப் பைகள்தான் இருந்தன, சுவரோரம் கூரை வரைக்கும். அரிசிப் பெட்டியில் தண்ணீர். பிள்ளை வளர்ந்துவிட்டதால் சும்மா கிடந்த தொட்டிலில் தண்ணீர். பூச்சாடியில் பூ இல்லை, தண்ணீர் இருந்தது.

"என்ன பிலோமி இது?"

"எல்லார் வீட்லயும் இருக்கறதுதானேக்கா. தண்ணி நிக்கப் போகுதில்ல?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல." பிலோமினா குரலைத் தாழ்த்தினாள். "நீங்க ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னைக்கு அண்ணன் பன்னெண்டு பை தூக்கிட்டு வந்தாருல்ல? குழாய் ஆபீசர் வீட்டுலயே புடிச்சு வெக்கறாங்கன்னா சும்மாவா? நான் இருபது வாங்குனேன். என்னைப் பாத்து எதிர் வீட்டம்மா நாப்பது. அதுக்கப்புறம் தெருவே வாங்குச்சு. நீங்க வெளியே சொல்லலைன்னு நாங்க தப்பா நெனைக்கலக்கா. ஆபீஸ் ரகசியம்னு இருக்கும்."

அருள்வேந்தன் ஆவுடையைப் பார்த்தான். ஆவுடை சுவரைப் பிடித்தாள். அந்தத் தடவை ஊர் ஆடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாடி விசாரித்தது. நிறைசமன் நிலையத்தின் அறிக்கை அதற்கும் போயிருந்தது.

"தலைச்சுற்றலின் காரணத்தைத் தவறாகக் குறித்துவிட்டேன் போலிருக்கிறது. திருத்தவா?"

ஆவுடை சுவரைப் பார்த்தாள். காரணம்: அறுவைச் சிகிச்சை. அவளுக்கு அறுவைச் சிகிச்சை நடந்திராவிட்டால் கணவர் தண்ணீர் வாங்கியிருக்க மாட்டார். அவர் வாங்கியிராவிட்டால் தெரு வாங்கியிராது. தெரு வாங்கியிராவிட்டால் ஊர் ஆடியிராது.

"காரணம் சரியாத்தான் இருக்கு," என்றாள். "நோயாளி பேரை மாத்து."

"யார் பெயரை எழுத?"

"திகிரியூர்."

"அந்தப் பெயரில் நோயாளி யாரும் பதிவாகவில்லை," என்றது நாடி அன்போடு. "நாற்பதாம் நாள் அறிக்கையில் உங்களுக்குத் தலைச்சுற்றல் இருந்தால் விதிப்படி அச்சில்லம்தான். காரணம் எதுவானாலும்."

மறுநாள் காலை நகரமன்றம் எல்லாச் சுவர்களிலும் அறிவித்தது: தண்ணீர்த் தட்டுப்பாடு அறவே இல்லை. மக்கள் வீண் அச்சம் கொள்ள வேண்டாம். சேமித்த நீரை வெளியேற்றுங்கள்.

பிலோமினா வாசலில் நின்று எதிர் வீட்டம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இல்லவே இல்லைன்னு மூணு தடவ சொல்றாங்கன்னா, எவ்வளவு இல்லாமப் போயிருக்கும் பாத்துக்கோங்க."

அன்று தலைச்சுற்றல் பதினொரு முறை.

ஆவுடை விடவில்லை. கணவரைக் கூப்பிட்டாள். இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு. கோமதிநாயகம் பன்னிரண்டு பைகளையும் வாசலுக்கு இழுத்துவந்தார். நடுத்தெருவில், எல்லாரும் பார்க்க, கடைசிச் சொட்டுவரை சாக்கடையில் கொட்டச் சொன்னாள்.

தெரு பார்த்தது. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கு வீடு பைகள் வாசலுக்கு வந்தன, சாக்கடை நிரம்பி ஓடியது. ஆவுடைக்குக் கண் கலங்கியது. பிறகு பிலோமினாவின் குரல் கேட்டது.

"பழசைக் கொட்டுறாங்கன்னா புதுசு புடிக்கப் போறாங்கன்னு அர்த்தம். சீக்கிரம் குழாயைத் திறங்க."

மதியத்துக்குள் மற்ற எல்லார் பைகளும் மறுபடி நிரம்பின. நீலப் பந்து தட்டைவிட்டே குதித்து ஓடியது.

நாற்பதாம் நாளுக்கு மூன்று நாள் இருந்தது.

ஆவுடை அலமாரியைத் திறந்து தன் ஆய்வாளர் சாவியை எடுத்தாள். விடுப்பில் இருந்தாலும் சாவி அவளிடம்தான். பழுது இருக்கும் தெருவில், பழுது தீரும்வரை குழாயை மூட ஆய்வாளருக்கு உரிமை உண்டு. தெருமுனையில் குழாய்க் குழியின் மூடியைக் கணவரைத் திறக்கச் சொல்லி, உள்ளே இருந்த அடைப்புத் திருகின்மேல் சாவியை மாட்டி அவரைப் பார்த்தாள்.

"திருகுங்க."

"நானா? ஆவுடை, ஊரே சண்டைக்கு வரும்."

"வரட்டும். நிக்க முடிஞ்சா நின்னு சண்டை போடுவேன். அச்சில்லத்துல மிதந்துகிட்டு யார்கிட்டப் போடறது? நீங்க ஆரம்பிச்சது, நீங்களே திருகுங்க."

அவர் திருகினார். நான்காம் பகுதியில் தண்ணீர் நின்றது.

யாரும் சண்டைக்கு வரவில்லை. எல்லார் முகத்திலும், நினைத்தது நடந்துவிட்ட நிறைவு இருந்தது. பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குளித்தார்கள், சமைத்தார்கள், துவைத்தார்கள். தண்ணீர் சாக்கடைக்கு இறங்கியது. பம்புகள் நிம்மதியாகத் தங்கள் வேலையைப் பார்த்தன.

நாற்பதாம் நாள் காலை ஆறு மணிக்கு ஆவுடையின் இதயம் சுவரில் எழுதியது. வால்வு நலம். நேற்றைய தலைச்சுற்றல்: இல்லை. அச்சில்ல மாற்றம் ரத்து.

ஆவுடை எதையும் பிடிக்காமல் நின்றாள். உள்ளங்கையில் காலை மாத்திரை இருந்தது. குழாயைத் திருகினாள். காற்று வந்தது. பானையில் இருந்தது இரவே தீர்ந்திருந்தது. கட்டிலுக்குக் கீழே பார்த்தாள். வெறுந்தரை.

வாசலில் பிலோமினா குடத்தோடு நின்றாள்.

"உங்ககிட்ட இருக்காதுன்னு தெரியும்க்கா. கொட்டிட்டீங்களே." அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். "நல்லவேளை, நாங்க புடிச்சு வெச்சோம். அன்னைக்கே சொன்னேன்ல, தண்ணி நிக்கும்னு?"

ஆவுடை மாத்திரையை விழுங்கினாள்.

"நாளைக்கு வருமாக்கா?"

"வந்தா என்ன செய்வே?"

"புடிச்சு வெப்பேன். வேற என்ன செய்ய?"

ஆவுடை தட்டிலிருந்த பந்தைப் பார்த்தாள். அது அசையவில்லை. மேசையில் கிடந்த சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அப்ப வராது," என்றாள்.