பாயைச் சுருட்டும் வரை

அந்த மாண்டிசோரிப் பள்ளியில் எல்லாவற்றுக்கும் ஒரு தட்டு உண்டு. மண்ணுக்குக்கூட, அதுவும் கடையில் வாங்கிச் சலித்த மண். வெளியே கிடக்கும் மண்ணைத் தொட்டால் மட்டும் கை கழுவ வேண்டும்.

அங்கே ஒரு விதிக்கு ரொம்ப மரியாதை. ஒரு பிள்ளை பாயை விரித்து வேலையில் உட்கார்ந்துவிட்டால் யாரும் குறுக்கிடக் கூடாது. வேலை முடியாவிட்டால் பெயர் அட்டையைப் பாய்மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

"நானே தொடமாட்டேன்!" என்பார் தாளாளர், பள்ளியைப் பார்க்க வரும் பெற்றோரிடம். சொல்லும்போது சட்டைப் பொத்தான் தெறிக்கிற மாதிரி நெஞ்சு விரியும்.

இந்த வருடம் அவருக்கு இயற்கைமேல் திடீர்ப் பாசம். 'இயற்கை அறை' கட்டப்போகிறார். பிளாஸ்டிக் புல், சுவரில் காடு, சுவிட்சைத் தட்டினால் கூவும் குயில். இடம் வேண்டுமே? முற்றத்தில் இருந்த ஒரே மரத்தை வெட்ட ஆள் வந்துவிட்டார்.

முதல் கிளை விழுந்த சத்தத்தில் வாலு வெளியே ஓடினாள். வீட்டில் வைத்த பட்டப்பெயர், பள்ளியிலும் ஒட்டிக்கொண்டது.

கிளையோடு ஒரு குருவிக் குஞ்சும் விழுந்திருந்தது. கையில் எடுத்தாள். சூடு இருந்தது. அசைவு இல்லை.

"அண்ணா, நிறுத்துங்க! கூட்டுல இன்னும் ரெண்டு இருக்கு!"

"எனக்கு மட்டும் ஆசையா பாப்பா? ஐயாவைக் கேளு," என்றார் மரம் வெட்டுபவர்.

"குருவிதானேம்மா, பறந்துபோயிடும்," என்றார் தாளாளர்.

"இறகே முளைக்கல சார்."

"அப்புறம் பேசலாம். ஆளுங்க வந்திருக்காங்க."

வாலு அழுதுகொண்டே உள்ளே போனாள். திரும்பியபோது கையில் அவள் பாய் இருந்தது. மரத்தடியில் விரித்தாள். இறந்த குஞ்சை ஓர் ஓரத்தில் இலைமேல் கிடத்தினாள். அண்ணாந்து உட்கார்ந்தாள்.

தாளாளர், பள்ளியைப் பார்க்க வந்த பெற்றோர்களோடு வந்தார். "என்ன இது?"

"வேலை செய்றேன் சார். குஞ்சு பறக்குறதைப் பாக்குற வேலை."

"அது எப்போ பறக்கும்?"

"தெரியல சார். அதான் பாக்குறேன்."

ஓர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பாயைத் தொடமாட்டேன்னு இப்பதானே சொன்னீங்க சார்?"

தாளாளர் கஷாயம் குடித்த முகத்தோடு சொன்னார்: "ஆமா... இதுதான் எங்க வெளிப்புறக் கல்வி."

மரம் வெட்டுபவர் ரம்பத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

மாலையில் வாலு குஞ்சைப் புதைத்தாள். பாய்மேல் பெயர் அட்டையை வைத்து, காற்றுக்குப் பறக்காமல் ஒரு கல்லையும் வைத்தாள். பிறகு மழை பெய்தது, பாய் நைந்தது. யாரும் தொடவில்லை. தாளாளர் மட்டும் தினமும் வந்து, அவளைவிட ஆவலாகக் கூட்டைப் பார்த்தார்.

ஒரு காலையில் ஒரு குஞ்சு மதில்வரை பறந்தது. இன்னொன்று தடுமாறி, விழப்போய், அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"முடிஞ்சுதா?" என்றார் தாளாளர்.

வாலு மரத்தைத் தொட்டாள். "இன்னும் முடியல சார்."

"கூடு காலிம்மா."

வேலை முடிந்தால் பாயைச் சுருட்டி வைக்க வேண்டும். அதுவும் விதிதான். அவள் சுருட்டினாள். ரம்பத்தின் சத்தம் மதியம்வரை கேட்டது.

இப்போது அங்கே இயற்கை அறை இருக்கிறது. தாளாளர் சுவிட்சைத் தட்டுவார், குயில் கூவும். பிள்ளைகள் எல்லோரும் சன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். அங்கே மதில்மேல் இரண்டு குருவிகள் கத்திக்கொண்டிருக்கும். அவற்றை நிறுத்த அவரிடம் சுவிட்ச் இல்லை.