சுவருக்கப்பால் ஒருத்தி

மதியச் சாப்பாடு முடிந்து ஊரே உறங்கும் வேளையில்தான் எலிஹியா அந்த வீட்டுக்கு முதன்முதலாகப் போனாள். ஆற்றங்கரை ஊரான கொன்செப்சியோனில் அந்நேரத்துக்கு நாய்கூடக் குரைக்காது. ஆற்றிலிருந்து சேற்று வாடையும், முற்றத்திலிருந்து அழுகிய மாம்பழ வாடையும் வந்தன. வீட்டுக்காரி தோன்யா பாப்லா சாவிக்கொத்தை அவள் கையில் வைத்தாள்.

"முன்னறை உனக்கு. எழுது, தூங்கு, என்னமோ பண்ணு. அந்தப் பச்சைக் கதவை மட்டும் திறக்காதே."

"ஏன்மா, உள்ளே என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை. அதனாலதான்."

எலிஹியா காலையில் படகுத்துறையில் பயணச்சீட்டு கொடுப்பவள். சீட்டைக் கிழிக்கும்போதே காதைத் தீட்டி வைத்திருப்பாள். ஒரே ஊருக்கு வெவ்வேறு படகில் போகும் கணவன் மனைவி, கோழியைத் தொப்பிப்பெட்டிக்குள் ஒளித்துக்கொண்டு ஏறும் கிழவர் என்று யாரையும் விடமாட்டாள். துறை மூடிக்கிடக்கும் மதியத்தில் அவர்களைக் கதையாக்குவாள். வீட்டில் கணவன் சிரிலோவின் குறட்டையில் ஒரு வரி ஓடாது. அதனால்தான் இந்த வாடகை அறை.

எழுதிய எதுவும் அச்சேறவில்லை. அச்சேறியது சிநேகிதி சுனில்டாவின் கதை. தையல்காரியான அவளும் ஒழிந்த நேரத்தில் எழுதுகிறவள்தான். தலைநகர்ப் பத்திரிகை அவள் படத்தோடு போட்டிருந்தது. தொப்பிப்பெட்டிக்குள் கோழி வைத்திருந்த கிழவரின் கதை.

"நீ தெரேரே டீ குடிக்கும்போது சொன்னியே, அந்த ஆளுதான்டி!" என்று சுனில்டா அவளைக் கட்டிக்கொண்டாள். "நீ எழுதற மாதிரி தெரியலை. வீணாப் போகவேண்டாமேன்னு நான் எழுதிட்டேன்."

"நல்லா வந்திருக்குடி" என்றாள் எலிஹியா. அன்றைக்கு முழுவதும் அவளுக்கு வயிறு எரிந்தது.

முன்னறையில் உட்கார்ந்து முதல் வரியை எழுதினாள். சரியாக வரவில்லை. வாய்விட்டுப் படித்தாள். அப்போதும் சரியில்லை.

பச்சைக் கதவுக்குப் பின்னால் யாரோ அதே வரியைத் திருத்திச் சொன்னார்கள்.

பெண் குரல். தாழ்ந்த, அவசரமில்லாத குரல்.

எலிஹியாவின் கழுத்து மயிர் குத்திட்டு நின்றது. எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் அந்த வரி அவ்வளவு அழகாக இருந்தது. உட்கார்ந்து எழுதிக்கொண்டாள்.

அதன்பின் தினமும் மதியம் போனாள். அவள் ஒரு வரி படிப்பாள். குரல் அடுத்ததைச் சொல்லும். அப்படி எழுதி அனுப்பிய கதையை அதே பத்திரிகை உடனே போட்டது, சுனில்டாவுக்குக் கொடுத்ததைவிட இரண்டு பக்கம் கூடுதலாக. சுனில்டா அதைப் படித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடி படித்தாள். அது எலிஹியாவுக்குத் தேனாக இனித்தது.

"இது உன் நடை இல்லையே" என்றாள் சுனில்டா கடைசியில். "எங்க போய் எழுதறே?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். பெருமை வாயை அடக்கவிடவில்லை.

மறுநாள் மதியம் சுனில்டா வாசலில் வந்து நின்றாள். "நானும் ஓரமா உட்கார்ந்துக்கறேன்டி. சத்தம் போடமாட்டேன்."

எலிஹியா தன் வரியைப் படித்தாள். கதவுக்கு அப்பால் அமைதி. மறுபடி படித்தாள். அமைதி.

பிறகு சுனில்டா, சும்மா விளையாட்டாக, மனதில் தோன்றிய ஒரு வரியைச் சொன்னாள்.

குரல் பதில் சொன்னது.

எலிஹியா இதுவரை கேட்டதையெல்லாம்விட அழகான வரி. அந்தக் குரல் தன்னிடம் இத்தனை நாளும் மிச்சம்மீதியைத்தான் கொடுத்திருக்கிறது என்று அப்போது அவளுக்குப் புரிந்தது.

அதன்பின் சுனில்டா அவளுக்கு முன்பே வந்துவிடுவாள். தையல் வேலை தேங்கியது. முகம் வற்றியது. எலிஹியா கொண்டுவந்த சிப்பா ரொட்டி தொடாமல் காய்ந்தது. நாளாக ஆக அவள் பேச்சும் மாறியது, தாழ்ந்து, அவசரமில்லாமல். "இங்க வராதேடி, இது உன்னைத் தின்னுது" என்று சொல்ல எலிஹியாவின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவளைக் காப்பாற்றவா அப்படிச் சொல்லப்போகிறோம், துரத்தவா என்று அவளுக்கே தெரியவில்லை. சொல்லவில்லை.

ஒருநாள் சுனில்டா பச்சைக் கதவில் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாள்.

"உள்ளே வரச் சொல்றா. சாவியைக் குடு."

"தரமாட்டேன்."

"என்மேல பொறாமைடி உனக்கு."

"ஆமா" என்றாள் எலிஹியா. "பொறாமைதான். இது என் அறை. அவ என்கிட்டதான் முதல்ல பேசினா."

உள்பக்கம் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. உள்ளே இருட்டு, பூட்டிய பெட்டியைத் திறந்தாற்போல ஒரு நெடி. சுனில்டா திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள்.

கதவு மூடிக்கொண்டது.

எலிஹியா ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தாள். ஒருவழியாகப் பூட்டு திறந்தது. ஜன்னல் இல்லாத அறை. வேறு வாசலும் இல்லை. நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி மட்டும்.

தொட்டுப் பார்த்தாள்.

சூடாக இருந்தது.

போலீஸ்காரர்கள் சுனில்டாவை ஆற்றில் தேடினார்கள். தோன்யா பாப்லா எதிர்பார்த்திருந்தவள்போலச் சாவிக்கொத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். விட்டுவந்த பேனாவை எடுக்க வீட்டுக்காரியிடம் கேட்டுக் கடைசியாக உள்ளே போன மதியம், எலிஹியா பச்சைக் கதவை நெருங்கியபோது உள்ளே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு குரல் சுனில்டாவுடையது. அவள் சிரித்தாள்.

எலிஹியாவின் காலடி கேட்டதும் இருவரும் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள், வேண்டாதவள் உள்ளே வந்துவிட்டதைப் போல.

பயத்தைவிட அதுதான் அவளை அதிகம் சுட்டது.

எழுதுவதை விட்டுவிட்டாள். படகுத்துறையில் யார் என்ன பேசினாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை. மதியங்களில் சிரிலோவின் பக்கத்தில் படுத்து அவன் குறட்டையைக் கேட்டபடியே உறங்கப் பழகினாள். மழைக்காலம் வந்து போயிற்று.

ஒரு ஞாயிறு மதியம் விழித்தபோது குறட்டை இல்லை. படுக்கையில் சிரிலோ இல்லை. சமையலறையில் நின்றுகொண்டிருந்தான். வாழ்நாளில் ஒரு புத்தகத்தைக்கூடத் தொடாதவன், கண்ணை மூடி, சுவரில் காதை ஒட்டி வைத்திருந்தான்.

"என்னங்க பண்றீங்க?"

"உஷ்." அவன் உதட்டில் மெல்லிய சிரிப்பு. "கொஞ்சம் சும்மா இரு. என்ன அழகா சொல்றாளுங்க ரெண்டு பேரும்!"

எலிஹியா ஓடிப்போய்ச் சுவரில் காதை வைத்தாள்.

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.