வெண்டெலின் நாலு மணி நிகழ்ச்சி

குரல் வருவதற்கு முன்னால் மூச்சுத்தான் வந்தது.

ஆகஸ்ட் மாதத்துப் பிற்பகல். பாலைவனப் பக்கமிருந்து மூன்று நாளாக வீசிய அனல் காற்றுக்குப் பயந்து கெனித்ரா நகரமே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தது. மார்க்கெட்டுக்குப் பின்சந்தில், கை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுப்படுகிற தன் ரேடியோ ரிப்பேர் கடையில், ஈயம் உருகும் வாசனைக்கும் பக்கத்துக் கடையில் மத்தி மீன் சுட்ட வாசனைக்கும் நடுவே உட்கார்ந்து, ஜிலாலி யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய ரேடியோவின் முள்ளை ரபாத் நிலையத்திலிருந்து மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தார். இரண்டு நிலையங்களுக்கு நடுவே, ஒன்றுமே இருக்கக் கூடாத இடத்தில், இரைச்சல் சட்டென்று அடங்கியது. ஓர் ஆள் மைக்குக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, மூக்கால் மூச்சை இழுத்து, பேசப்போகிறவன் போல ஒரு கணம் அதைப் பிடித்து வைத்துக்கொண்டான்.

அவ்வளவுதான். மறுபடி இரைச்சல்.

ஜிலாலி கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு.

மைக் முன்னால் அப்படி மூச்சு இழுக்கிறவன் ஒருவனைத்தான் அவருக்குத் தெரியும். அவன் செத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

அமெரிக்கர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போயே ஏழு வருஷம் ஆகிவிட்டது. அவர்களுடைய கடற்படைத் தளம் இங்கே இருந்த காலத்தில் அவர்களுக்கென்று ஒரு வானொலியும் இருந்தது. கடல் தாண்டி வந்த பையன்கள் வீட்டை நினைத்து ஏங்காமல் இருக்க நடத்தியது. கேட்டது என்னவோ ஊர் முழுவதும்தான். விடிகாலையில் சேவல் போலக் கூவிக்கொண்டு நிகழ்ச்சியைத் தொடங்குகிற தடியன் ஒருவன் இருந்தான். எங்கோ நடந்த பந்தாட்டத்தைத் தந்தித் தாளில் பார்த்துவிட்டு, மைதானத்திலேயே நிற்பவன் போல மூச்சிரைக்கச் சொல்கிறவன் ஒருவன். வெள்ளிக்கிழமைகளில் மெரில் என்ற நர்ஸ், பையன்களுக்குத் தாய்மார்கள் எழுதிய கடிதங்களை வாசிப்பாள். அவள் குரல் தழுதழுத்தால், ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாத முடிதிருத்துபவர் கூடக் கத்தரியை நிறுத்திவிட்டு நிற்பார். ஜிலாலிக்கு அங்கே இசைத்தட்டு அறையில் வேலை. மரப்பெட்டிகளில் வந்து இறங்கும் தட்டுகளைத் துடைத்து, அடுக்கி, நேரத்துக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அத்தனை பேரிலும் ஊர் தன் பிள்ளையாக வைத்துக்கொண்டது வெண்டெலைத்தான். இருபத்துநாலு வயது. சோளக்காட்டு விவசாயி மகன். நாலு மணியிலிருந்து ஐந்து வரை அவன் நேரம். ஜிலாலியிடம் உட்கார்ந்து அரபு கற்றுக்கொண்டு, இரண்டு பாட்டுக்கு நடுவில் அதை உடைத்து உடைத்துப் பேசுவான். மீன்காரர்களை வம்புக்கு இழுப்பான். அவன் தப்பும் தவறுமாய்ப் பேசுவதைக் கேட்கவே ஆற்றோரக் குடிசைகளில் டிரான்சிஸ்டர் வாங்கினார்கள்.

மறுநாள் நாலு மணிக்கு ஜிலாலி அந்த ரேடியோவைத் தொடவில்லை. வேறொரு பெட்டியைத் திறந்துபோட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டியில் மூச்சு வந்தது. மூச்சுக்குப் பின்னால் ஊசி இசைத்தட்டில் உட்காரும் 'டுப்' என்ற சத்தம். பிறகு தட்டின் ஓரத்துக் கரகரப்பு. பாட்டு தொடங்கவில்லை. கரகரப்பு மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. அதற்கு அடியில், கூர்ந்து கேட்டால், வேறொரு சத்தம். வாசற்படியில் தண்ணீர் வந்து இடித்து இடித்துத் திரும்புகிற சத்தம்.

கடைக்குள் சேற்று வாசனை அடித்தது. ஐந்து மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை.

மூன்றாவது நாள் கடையைப் பூட்டிவிட்டு நேரத்தோடு வீட்டுக்குப் போனார். மனைவி பதூல் புதினா ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னங்க, கடைய அதுக்குள்ள சாத்திட்டீங்க? ரிப்பேருக்கு வந்த ரேடியோ எல்லாம் தானா சரியாயிடுச்சா?"

"தலை வலிக்குது."

"வலிக்கும். ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டுப் படுத்திருந்தா வேற என்ன செய்யும்? ஊரு ரேடியோவெல்லாம் பேசுனா உங்களுக்குக் கேக்கும், நான் பேசுனாத்தான் காது அடைச்சுக்கும்."

அடுப்படி அலமாரியில் அவளுடைய சின்ன ரேடியோவில் யாரோ ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டு பாதியில் அறுந்தது. மூச்சு வந்தது. அப்புறம் குரலும் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற அதே இளம் குரல், அதே உடைந்த அரபு.

"நாலு மணி ஆச்சு, மக்களே. நான் இங்கதான் இருக்கேன். தண்ணி ரெண்டாவது படிக்கு வந்துடுச்சு. கவலைப்படாதீங்க. ஜிலாலி அண்ணன் படகோட வந்துக்கிட்டிருக்காரு."

ஜிலாலி பாய்ந்து ரேடியோவை அணைத்தார். அது கைதவறிக் கீழே விழுந்து பின்மூடி தெறித்தது.

பதூல் புதினாவைக் கீழே வைத்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அது அந்தப் பையன் குரல்தானே?"

அவளுக்கும் கேட்டிருக்கிறது. தன் மூளைதான் கலங்கிவிட்டது என்று நம்பியிருந்த அந்தச் சின்ன ஆறுதலும் அத்தோடு போயிற்று.

"அன்னிக்கு மேட்டுல உக்காந்து நாம கேட்டோமே, அதே பேச்சு," என்றாள் பதூல் மெதுவாக. "ஒரு சொல் மாறல. ஏங்க, படகு எங்க கவுந்துச்சுன்னு நீங்க எங்கிட்ட சொன்னதே இல்ல."

ஜிலாலி குனிந்து ரேடியோவின் பின்மூடியைப் பொறுக்கினார்.

படகு கவிழவே இல்லை. அது அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜனவரி. செபு ஆறு இரவோடு இரவாகக் கரையை உடைத்துக்கொண்டு சமவெளிக்குள் இறங்கியிருந்தது. ஆற்றோரச் சதுப்பில் தனியாக நின்ற ஒலிபரப்புக் கட்டடத்தில் அவரும் வெண்டெலும்தான் இருந்தார்கள். டெலிபோன் செத்துவிட்டது. வாசலில் கட்டியிருந்தது ஒரே ஒரு மீன்படகு. பதூலுக்கு அப்போது எட்டாம் மாதம். தாழ்வான தெருவில் தனியாக இருந்தாள். "நீங்க போங்கண்ணே, அண்ணிய மேட்டுல ஏத்திட்டு வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க," என்று வெண்டெல்தான் தள்ளிவிட்டான். "நான் போயிட்டா யாரு ஜனங்களுக்குச் சொல்றது? எந்தப் பக்கம் தண்ணி வருதுன்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்."

பதூலை மேட்டில் ஏற்றிவிட்டு, சொன்னபடியே அவர் திரும்பவும் துடுப்பைப் போட்டார். பாதி தூரம் போனார். யூகலிப்டஸ் மரங்களின் வரிசைக்கு அப்பால் தண்ணீர் தண்ணீராக இல்லை. பழுப்பாக, மலைப்பாம்பு போல முறுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு செத்த மாடு படகை உரசிக்கொண்டு போனது. அவர் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் அவரால் சொல்ல முடியாது. பிறகு படகைத் திருப்பினார். மேட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கி அதை ஆற்றோடு தள்ளிவிட்டு, ஈரத் துணியோடு நடந்துவந்து, கவிழ்ந்துவிட்டது என்றார்.

மேட்டில் யாரோ வைத்திருந்த டிரான்சிஸ்டரில் வெண்டெல் இன்னும் நாற்பது நிமிஷம் பேசினான். ஜோக் சொன்னான். ஜிலாலி அண்ணன் வந்துக்கிட்டிருக்காரு, வந்துக்கிட்டிருக்காரு என்று ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் சொன்னான். அதற்குப் பிறகு பேசவில்லை.

நாலாவது நாள் பதூல் தூங்கும்போது ஜிலாலி வீட்டை விட்டு இறங்கினார். சாலை ஓரத்தில் நிழலே இல்லை. வெடித்த வயல், கருகிய நாணல், காற்றில் மண். ஆனால் கால் வைக்கிற இடமெல்லாம் செருப்புக்கு அடியில் மெத்தென்று அமுங்கியது. திரும்பிப் பார்த்தால் வந்த வழியெல்லாம் காலடித் தடங்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊறி நின்றது.

வெள்ளத்தோடு போன பூஷ்தாவின் வீடு இருந்த திட்டைக் கடந்தபோது வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு அந்த வீட்டில் ஒன்பது பேர் இருந்தார்கள். பின்பக்கம் கரைமேல் வழி இருந்தும் ஏன் அவர்கள் தப்பிப் போகாமல் கூரைமேலேயே இருந்தார்கள் என்று ஊர் வெகுநாள் பேசிக்கொண்டது. ஒருவர் உடலும் கிடைக்கவில்லை.

ஒலிபரப்புக் கட்டடத்துக்குக் கதவில்லை. உள்ளே ஆட்டுப் புழுக்கை, உடைந்த ஓடு, சுவரில் அவர் தலைக்கு மேலே ஓடிய பழைய வெள்ளக் கோடு. காய்ந்த புழுதி. கம்பிகளை எப்போதோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மேஜையும் இல்லை, கருவியும் இல்லை. ஒலிப்பதிவு அறையைப் பிரிக்கிற தடித்த கண்ணாடி மட்டும் உடையாமல் நின்றது. பழுப்பாக அழுக்கேறியிருந்தது.

ஜிலாலி சட்டைக் கையால் துடைத்தார். போகவில்லை.

அழுக்கு உள்ளே இருந்தது. அழுக்கு நகர்ந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தரையிலிருந்து கூரைவரை தண்ணீர். இந்தப் பக்கம் ஒரு சொட்டு கசியவில்லை. தண்ணீருக்குள் ஓர் இசைத்தட்டு நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு நாற்காலி. நாற்காலியில் ஹெட்போன் மாட்டிய ஒரு தலை குனிந்திருந்தது. மெல்ல நிமிர்ந்தது.

இருபத்துநாலு வயது. ஒரு நாள் கூடவில்லை.

சுவரில் தொங்கிய ஒலிபெருக்கிக்கு ஒயர் இல்லை. அதிலிருந்து மூச்சு வந்தது.

"வந்துட்டீங்களாண்ணே."

ஜிலாலி அப்படியே புழுதியில் முழங்காலிட்டார். ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. ஒரு முறை ஓடிப் பார்த்தாயிற்று.

"நான் வரலடா, வெண்டெல்," என்றார். இருபத்திரண்டு வருஷம் தொண்டையில் கிடந்த சொல், வெளியே வரும்போது பிள்ளையின் அழுகை போலத்தான் வந்தது. "படகு கவுழல. நானேதான் திருப்பிட்டேன். பயந்துட்டேன்டா."

"தெரியும்ணே. மரத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னீங்களே. ஜன்னல்லேருந்து பாத்தேன். திரும்புனதையும் பாத்தேன்."

"பாத்தியா? பாத்துட்டு ஏன்டா நான் வந்துக்கிட்டிருக்கேன்னு கடைசி வரைக்கும் சொன்ன?"

"ஊரே கேட்டுக்கிட்டிருந்துச்சே. அண்ணியும் கேட்டுக்கிட்டிருப்பாங்க. ஒருத்தரும் உங்களை ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னுதான்."

உதடுகள் நீருக்குள் அசைந்தன. பழைய சிரிப்பு. கோபத்தின் சாயல்கூட அதில் இல்லை. ஜிலாலி கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். அந்தக் கணத்தில் பயம்கூட விட்டுப் போயிற்று. பையன் தெரிந்தே மன்னித்திருக்கிறான். தெரிந்தே அவருக்காகப் பொய் சொல்லியிருக்கிறான்.

ஒலிபெருக்கி மறுபடி மூச்சை இழுத்தது. இந்த முறை குரலில் சிரிப்பு இல்லை.

"ஆனா அண்ணே, நான் சொன்னதை இவங்களும் கேட்டுட்டாங்க. படகு வரும்னு நம்பிட்டாங்க. நான் என்ன சொல்லியும் போக மாட்டேங்குறாங்க."

வெண்டெலுக்குப் பின்னால் தண்ணீர் கருத்தது. கறுப்பு பிரிந்து பிரிந்து உருவங்களானது.

ஒன்று.

நான்கு.

ஒன்பது.

பூஷ்தா முன்னால் நின்றான். தோளில் டிரான்சிஸ்டர். பின்னால் பெண்கள், தலையில் துணிமூட்டை. மூட்டையைப் பிடித்த கைகள் வெளுத்து ஊறிப்போயிருந்தன. சின்னவர்கள் பெரியவர்களின் உடை ஓரத்தைப் பிடித்திருந்தார்கள். படகுத் துறையில் நிற்பது போல, இடிக்காமல், முந்தாமல், வரிசை. எல்லாக் கண்களும் திறந்திருந்தன. எல்லாம் அவர்மேல்.

பூஷ்தாவின் இளம் மனைவி வரிசையை விட்டு முன்னால் வந்தாள். அவள் முகத்தில் அவசரம் இருந்தது, நன்றியும் இருந்தது. கைக்குழந்தையை இரண்டு கையிலும் ஏந்தி, படகுக்காரனிடம் பிள்ளையை முதலில் ஏற்றிவிடுகிறவள் போல, ஜிலாலியிடம் நீட்டினாள்.

ஜிலாலி பின்வாங்கப் பார்த்தார். அவர் கைகள் தாமாகவே நீண்டிருந்தன.

கண்ணாடி இருந்த இடத்தில் கண்ணாடி இல்லை. தண்ணீர் மட்டும் சுவராக நின்றது. அதைத் தாண்டிக் குழந்தையின் இரண்டு பாதங்கள் இந்தப் பக்கம் வந்திருந்தன. விரல்கள் மெல்ல மடங்கி விரிந்தன. புழுதியில் சொட்டு விழுந்தது.