செவ்வாய் மாநிறம்

காலைக் காப்பிக்கு முன்னால் கிரகத்துக்கு நிறம் போட்டுவிடுவது உலகம்மையின் வழக்கம்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து நல்லகம் குடியிருப்பின் அன்றைய நிறக்கட்டளையைத் திறப்பாள். தரைக்குக் குங்குமச் சிவப்பு, பாறைகளுக்கு இன்னும் கொஞ்சம் அடர்த்தி, வானத்துக்கு ரோஜா. பள்ளிக்கூடத்தில் ஏதாவது விழா என்றால் மலைகளின் விளிம்பில் சிறிது ஊதா சேர்ப்பாள். விரலால் அழுத்தியதும், குடியிருப்பில் விழித்திருந்த அத்தனை பேர் கண்ணிலும் செவ்வாய் அந்த நிறத்துக்கு மாறிவிடும். அதன் பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

இதற்கெல்லாம் காரணம் 'விழித்தாள்' என்ற ஒன்று. குழந்தைக்குக் காது குத்துவதற்கு முன்பே கருவிழியின் மேல் ஒட்டிவிடும் மெல்லிய தாள் அது. பூமியிலும் எல்லோரும் அதை அணிந்துகொண்டிருந்த காலம்தான். அங்கே வெயிலுக்காகவும் விளம்பரத்துக்காகவும் அணிந்தார்கள். செவ்வாயில் கூடுதலாக ஒரு காரணம் இருந்தது. சிவப்புக் கிரகத்தில் புதுவாழ்வு என்று சொல்லித்தான் குடியேற்றக் கழகம் ஆட்களைச் சேர்த்தது. முதலில் வந்து இறங்கியவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, இது சிவப்பே இல்லையே, எங்களைத் திருப்பி அனுப்புங்கள் என்று சண்டை பிடித்தார்கள். கிரகத்தை மாற்றுவதைவிடக் கண்ணை மாற்றுவது கழகத்துக்குச் சுலபமாக இருந்தது. அன்று தொடங்கியது நிற அலுவலர் என்ற பதவி.

உலகம்மை தென்காசியில் பிறந்து, கல்யாணமான புதிதில் கணவனோடு கப்பலேறி வந்தவள். கணவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. இருப்பது ஒரே மகள், மீனலோசனி. தரையூர்தி ஓட்டுகிறாள். வடக்கே பனிச்சுரங்கத்திலிருந்து பனிக்கட்டி ஏற்றிக்கொண்டு வந்து குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவது அவள் வேலை.

ஒருநாள் அவளுடைய ஊர்தி நல்ல தரையில் ஓடிக்கொண்டிருந்தபோதே மூக்குக் குப்புறப் புதைமணலில் இறங்கிவிட்டது. சக்கரங்களைச் சுழற்றச் சுழற்ற இன்னும் ஆழமாகப் போனது. வானொலித் தண்டும் மணலுக்குள் போய்விட்டது. உருளையில் காற்று தீர்ந்துகொண்டிருந்த நேரத்தில் அந்தப் பக்கமாக வந்தவன் தாணு. தென்பாறைக் குடியிருப்பின் ஓட்டுநர். சங்கிலி கட்டி, தன் ஊர்தியின் இயந்திரம் புகையும்வரை இழுத்து, அவளை வெளியே எடுத்தான்.

அவன் மட்டும் எப்படிப் புதையவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். தென்பாறையின் நிற அலுவலர் ஒரு சோம்பேறி. மாதக்கணக்கில் நிறக்கட்டளையைப் புதுப்பிக்காததால் அங்கே சிவப்பு வெளுத்துப்போய், அடியிலிருந்த நிறம் கொஞ்சம் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. மணல் ஒரு மாதிரியாகவும் பாறை வேறு மாதிரியாகவும் அவன் கண்ணுக்குத் தெரிந்தன.

மருத்துவமனைக் கட்டிலில் மீனலோசனி சொன்னாள். "பாதை நல்லாத்தாம்மா இருந்திச்சு. செக்கச்செவேல்னு, ஒரே சீரா."

அந்தச் சீரைக் காலையில் போட்டது யார் என்று உலகம்மைக்குத் தெரியும். அவள் மகளின் தலையைத் தடவிவிட்டு எழுந்து நேராகக் குடியிருப்பு மன்றத்துக்குப் போனாள். நிறம் போடுகிற அலுவலரே வந்து நிறம் வேண்டாம் என்று முறையிட்டது மன்றத்துக்குப் புதிதாக இருந்தது. நாலு அமர்வு விசாரித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள். செவ்வாயின் உண்மையான நிறம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். விழித்தாள் அதை மட்டுமே காட்ட வேண்டும். எவ்விதத் திருத்தமும் கூடாது. கண்டுபிடிக்கும் பொறுப்பு உலகம்மைக்கு.

சுலபமான வேலை என்றுதான் அவளும் நினைத்தாள். ஒரு நிறப்பலகையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று கட்டங்கள் போட்ட சிறு பலகை. நடுவில் நிழல் விழுவதற்கு ஒரு குச்சி. பூமியில் அளந்து அனுப்பிய நிறங்கள். பலகையையும் மண்ணையும் சேர்த்துப் படமெடுத்து, வெள்ளைக் கட்டம் வெள்ளையாகத் தெரியும்படி படத்தைச் சரிசெய்தால், மண்ணின் நிறம் தானாகச் சரியாகிவிடும் என்பது கணக்கு.

படத்தில் வெள்ளைக் கட்டமே வெள்ளையாக இல்லை. வானம் முழுக்கத் தூசி. அதன் வழியாக வருகிற வெளிச்சமே மஞ்சளாகத்தான் வந்தது. வெள்ளையைச் சரிசெய்தால், மண் சாம்பல் கலந்த பழுப்பாகி, தென்காசி வெயிலில் கொண்டுபோய்க் கொட்டியதுபோல் தெரிந்தது. செய்யாவிட்டால் வேறு நிறம். இரண்டில் எது உண்மை என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே காற்று வீசிப் பலகையின் மேல் தூசி படிந்தது. வெள்ளை, கறுப்பு, நீலம் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன. துடைத்தாள். மறுபடி படிந்தது.

கழகத்தின் விளம்பர அதிகாரி பரஞ்சோதி மேற்பார்வைக்காக அவளுடன் வந்திருந்தார். தலைக்கவச ஒலிபெருக்கியில் அவர் குரல் இதமாகக் கேட்டது.

"பாத்தீங்களா மேடம், கிரகமே இன்னும் ஒரு முடிவுக்கு வரல. நாமளே நல்லதா ஒரு சிவப்பை முடிவு பண்ணிட்டா என்ன?"

உலகம்மை பலகையை மடக்கினாள். அன்று மாலை அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். இந்த வெளிச்சத்தில், இந்த மண்ணின் மேல் நிற்கிற ஒரு மனிதர் வெறுங்கண்ணால் பார்த்தால் என்ன தெரியுமோ அதுதான் உண்மை நிறம். அப்படிப் பார்த்தவர்கள் இப்போது ஒருவருமில்லை என்பதுதான் சங்கடம். எல்லோருக்கும் கண்ணில் தாள், கவசத்திலும் நிறக்கண்ணாடி.

மறுநாள் மருத்துவரிடம் போய் இரண்டு கண்ணிலிருந்தும் தாளை எடுக்கச் சொன்னாள். அவர் தயங்கித் தயங்கி எடுத்தார். வெளிவாசல்வரை கண்ணைக் கட்டிக்கொண்டு, நிறமில்லாத கண்ணாடி பொருத்திய கவசத்தோடு போனாள். கதவு திறந்தது.

முதலில் அவளுக்குத் தோன்றியது, பொருட்களுக்கு நடுவே இவ்வளவு வேறுபாடு இருக்கிறதா என்பதுதான். மணல் வறுத்த ரவை போல் இருந்தது. கொஞ்சம் தள்ளி, கருப்பட்டி நிறத்தில் ஒரு மேடு. பாறைகளின் நிழல்பக்கம் காப்பிப்பொடி. காற்று அரித்த இடங்களில் மேலாக ஒரு பொன்மினுக்கு. எந்த இடமும் பக்கத்து இடம்போல் இல்லை. குங்குமம் எங்குமே இல்லை. சூரியன் இறங்கியபோது அதைச் சுற்றி மெல்லிய நீலம் பரவியது. இருபத்தைந்து வருஷம் குடியிருந்த கிரகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறோம் என்று அவளுக்கு இருந்தது. கண்ணில் நீர் வந்தது. கவசத்துக்குள் துடைக்க முடியவில்லை. இந்த முகத்திலா தினமும் பொடி அப்பினோம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒலிப்பதிவில் ஒரே வார்த்தை சொன்னாள். "மாநிறம்."

உள்ளே வந்து கையுறையைக் கழற்றியபோது கையெல்லாம் அதே தூசி அப்பியிருந்தது. கழுவினாள். போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கொஞ்சம்கூடப் போகவில்லை. செவ்வாய்த் தூசி பொல்லாதது என்று கேள்விப்பட்டிருந்ததால் பெரிதாக நினைக்கவில்லை. மறுபடி கண்ணைக் கட்டிக்கொண்டு மருத்துவரிடம் போனாள். அவர் விழித்தாளை ஒட்டியதும் கை சுத்தமாகிவிட்டது.

மன்றத்தில் பரஞ்சோதி விடாமல் வாதாடினார். "பொய் சொல்லச் சொல்லல மேடம். உள்ள நிறத்தையே லேசா எடுத்துக் காட்டணும்னுதான் சொல்றேன். மாநிறம்னு போட்டா பூமியிலேர்ந்து யாரு புறப்பட்டு வருவா?"

"வர்றவங்க மணலு எது, பாறை எதுன்னு தெரிஞ்சு வரட்டும்" என்றாள் உலகம்மை. "உங்க பூச்சுக்கு அடியிலதான் எம் மவ கிடந்தா. ஒரு சொட்டுகூடக் கூட்டித் தர மாட்டேன்."

மன்றம் அவள் பக்கம் நின்றது.

திருத்தங்கள் நீக்கப்பட்ட காலையில் எல்லோரும் ஜன்னலண்டை கூடினார்கள். கொஞ்சம் முனகல் இருந்தது. பிள்ளைகள் பிஸ்கட் மாதிரி இருக்கிறது என்றார்கள். ஓட்டுநர்கள் புதைமணலைத் தூரத்திலேயே கண்டு விலகினார்கள். காலைச் சாப்பாட்டு வேளைக்குள் கிரகத்தின் புது நிறம் எல்லோருக்கும் பழகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அவர்கள் ஜன்னலை விட்டுத் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

விழித்தாளில் முகத்துலக்கம் என்று ஒன்று இருந்தது. முப்பாட்டன் காலத்தில் அதைத் தயாரித்தவர்கள் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தது. தோல் எங்கே தெரிந்தாலும் இரண்டு மூன்று படி வெளுப்பாகக் காட்டும். பூமியிலும் சரி, செவ்வாயிலும் சரி, யாரும் அதை அணைத்ததில்லை. அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. எவ்விதத் திருத்தமும் கூடாது என்று மன்றம் சொன்னதில் அதுவும் போய்விட்டது.

உணவுக்கூடத்தில் பேச்சு நின்றது. மருத்துவமனையில் கூட்டம் சேர்ந்தது. நேற்றுவரை நன்றாக இருந்தேன், காற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்றார்கள். கணவன் மனைவிகள் ஒரு மரியாதையோடு பேசிக்கொண்டார்கள். நிச்சயமான கல்யாணங்கள் சில காரணம் சொல்லப்படாமல் தள்ளிப்போயின. கிரகம் மாநிறம் என்பதை ஒரு காலை வேளையில் ஒப்புக்கொண்டவர்கள், தாங்களும் மாநிறம் என்பதை ஒரு வாரமாகியும் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த வாரத்தில்தான் தாணுவின் தாயார் பகவதி தென்பாறையிலிருந்து பெண் பார்க்க வந்தாள். சங்கிலி கட்டி இழுத்த நாளிலிருந்து தாணுவும் மீனலோசனியும் பேசாத நாளில்லை. இரு வீட்டிலும் மனசுக்குள் முடித்துவிட்ட சம்பந்தம். பகவதி திரையில் பெண்ணைப் பலமுறை பார்த்துப் பேசியிருந்தாள். நேரில் பார்ப்பது இப்போதுதான். நல்லகத்துக்குள் நுழைந்தவர்கள் கண்ணுக்கும் நல்லகத்தின் நிறக்கட்டளைதான்.

மீனலோசனி காப்பி கொண்டு வந்து கொடுத்துவிட்டுத் தாணுவின் எதிரில் உட்கார்ந்தாள். தாணு அவளைப் பார்த்துச் சிரித்தான். பகவதி காப்பியைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள், மறுபடி காப்பியைப் பார்த்தாள். அவளுடைய கையும் அதே நிறத்தில்தான் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"திரையில பாக்கும்போது பொண்ணு இன்னும் கொஞ்சம் தெளிவா இருந்த மாதிரி இருந்திச்சு மதினி" என்றாள்.

உலகம்மை பலகாரத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"தப்பா நினைக்காதீங்க. நீங்கதான் நிறத்துக்கு அதிகாரி, அதான் உங்ககிட்டயே கேக்கேன். பொண்ணு என்ன நிறம்னு சொல்லுவீங்க?"

மண்ணைப் பார்த்ததும் தயங்காமல் வந்த வார்த்தை இப்போது உலகம்மையின் நாக்கில் நின்றுகொண்டது. மகளைப் பார்த்தாள். கண்ணுக்கும் கன்னத்துக்கும் நடுவே அந்தப் பொன்மினுக்குக்கூட இருந்தது.

"நல்ல செவப்புதான் மதினி" என்றாள் உலகம்மை. "இங்க வெளிச்சம் சரியில்ல."

வந்தவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று விடைபெற்றார்கள். போகும்போது தாணு மீனலோசனியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் அம்மா வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

கதவு மூடியதும் மீனலோசனி தாயின் பக்கம் திரும்பினாள்.

"என்னம்மா இது? ஒரு சொட்டுகூடக் கூட்ட மாட்டேன்னு அத்தனை பேரு முன்னால நின்ன. மண்ணுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? தாணுவுக்கு இது ஒரு விஷயமே இல்ல. அவங்க அம்மா ரெண்டு மாசத்துல தானா சரியாயிருவாங்க."

"ரெண்டு மாசம் யாரு காத்திருக்கது?"

"நான் காத்திருக்கேன். மண்ணு உள்ளபடி தெரிஞ்சாத்தான் எல்லாரும் பொழைப்பாங்கன்னு சொன்னியே, நானும் உள்ளபடியே இருந்துட்டுப் போறேன்."

உலகம்மை டம்ளர்களை எடுத்து அடுக்கினாள்.

"மண்ணைப் பொண்ணு பாக்க யாரும் வரல, மீனா" என்றாள்.

அடுத்த அமர்வில் மன்றம் அவசரமாகக் கூடியது. பரஞ்சோதி ஒரு திருத்தம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். 'மண்ணுக்கு உள்ள நிறம், மனிதருக்கு உரிய நிறம்.' உரிய நிறம் எது என்று ஒருவரும் கேட்கவில்லை. நிற அலுவலரின் கருத்தைக் கேட்டார்கள். முதலில் கை தூக்கியது அவள்தான். மற்றவர்களும் தூக்கினார்கள். அன்று மாலை உணவுக்கூடத்தில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. மருத்துவமனை காலியானது. காற்று சுத்தமாகிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். இரண்டு நாளில் தென்பாறையிலிருந்து நல்ல செய்தி வந்தது. பயணக் களைப்பில் தனக்கே கண் சரியாகத் தெரியவில்லை என்று பகவதி சொல்லியனுப்பினாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் பொண்ணு மாப்பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டு போய், முகம் முழுக்கத் தெரிகிற கவசத்தோடு, அந்தக் கருப்பட்டி மேட்டின் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். இருவரும் பளிச்சென்று வெளுத்திருந்தார்கள். மீனலோசனி மட்டும் சிரிக்கும்போது வாயை இறுக்கமாக வைத்துக்கொண்டாள்.

உலகம்மை அந்தப் படத்தைத் தென்காசியில் இருக்கிற தன் அக்கா கோமதிக்கு அனுப்பினாள். தூரம் காரணமாகப் பதில் வரச் சிறிது நேரமானது. பிறகு அக்காவின் முகம் திரையில் வந்தது. அவளும் வெளுப்பாகத்தான் இருந்தாள்.

"மீனாவும் மாப்பிள்ளையும் அச்சு அசலா நேர்ல பாக்க மாதிரியே இருக்காவ. ரொம்ப சந்தோஷம்" என்றாள் அக்கா. "ஆனா பின்னால மண்ணுதான் என்னமோ போலி மாதிரி தெரியுது, உலகு. செவ்வாய்னா செவப்பா இருக்க வேண்டாமா? இதைச் சொந்தக்காரங்களுக்குக் காட்டுனா, செட்டு போட்டு எடுத்தீங்களான்னு கேப்பாங்க. பாத்துச் சரிபண்ணி அனுப்பு."

உலகம்மை படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். அக்கா சொன்னதிலும் விஷயம் இருப்பதாகப் பட்டது. பழைய நிறக்கட்டளையைத் தேடி எடுத்து, மண்ணில் இரண்டு படி குங்குமம் சேர்த்தாள்.

முகங்களை அவள் தொடவில்லை. அவை ஏற்கனவே சரியாக இருந்தன.