பென்சில் இழுப்பறையில் ஒரு கேசட்

"ஹலோ... அந்தக் கேசட்டை எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

கேட்டவன், மழையிலிருந்து அப்போதுதான் உள்ளே வந்திருந்தான். கையும் கேசட்டுமாகப் பிடிபட்டவள் அவள்.

மழைக்கு ஒதுங்கியவளுக்கு, அது ஒரு கலைக் கண்காட்சி என்றே முதலில் புரியவில்லை. சுவர் உயரத்துக்கு மர இழுப்பறைகள். நடுமேசையில் யார் யாரோ கொடுத்த பழைய பொருள்கள்... டயல் போன், பூட்டைத் தொலைத்த சாவிகள், மை உறைந்த பேனா. பிடித்ததை எடுத்து, பொருத்தமான இழுப்பறையில் போட வேண்டும். இழுப்பறைகளில் ஒட்டியிருந்த தலைப்புகள்தான் வேடிக்கை. 'அப்பாவுக்குத் தெரியாமல் தொட்டவை.' 'தலையில் தட்டினால் வேலை செய்பவை.' 'பென்சில் தேவைப்படுபவை.'

அந்தப் பென்சில் இழுப்பறையில்தான் கேசட் கிடந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. மருத்துவமனைப் பதிவறையில் நோயாளிகளின் ஃபைல்களை அடுக்குகிறவள். இடம் மாறிக் கிடப்பதைக் கண்டால் கை சும்மா இருக்காது.

"கேசட்டுக்கும் பென்சிலுக்கும் என்ன சம்பந்தம்? யாரோ அறிவில்லாம போட்டிருக்காங்க!"

"அந்த அறிவில்லாதவன் நான்தாங்க."

நனைந்த கண்ணாடியைத் துடைத்து மாட்டினான். அதன் பின்னால்... சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள்!

சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, கேசட்டின் ஓட்டைக்குள் நுழைத்தான். "உள்ள சின்னச் சின்னப் பல் இருக்கு பாருங்க. பென்சிலுக்குப் பட்டை இருக்கு. ரெண்டும் மாட்டிக்கும். சுத்தினா, வெளிய வந்த நாடா சமர்த்தா உள்ள போயிடும்."

மறந்தே போயிருந்தாள்... பள்ளி விடுமுறை மதியங்களில் அண்ணன் கேசட்டைப் பிடிக்க, அவள் பென்சிலைச் சுற்றுவாள். நாடா கசங்கிய இடத்தில் மட்டும் பாடகர் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவார். இருவரும் அதே போலப் பாடி, வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்... அண்ணனோடு அப்படிச் சிரித்துத்தான் எத்தனை காலம்!

"சரி... இங்கயே இருக்கட்டும்," என்றாள், குரல் தணிந்து. "ஆஸ்பத்திரில ஃபைல் அடுக்கிப் பழகின கை, அதான்..."

"உங்க ஆபீஸ்ல எப்படி அடுக்குவீங்க?"

வீட்டில் எல்லோருக்கும் அது 'ஃபைல் தூக்குற வேலை'. இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"ஃபைல் நம்பரோட கடைசி ரெண்டு இலக்கத்தை வச்சு. முதல் இலக்கத்தை வச்சு அடுக்கினா, புதுசா வர்றவங்க எல்லாரும் ஒரே அலமாரில முட்டி மோதுவாங்க. கடைசி இலக்கம்னா எல்லா அலமாரிக்கும் பரவிடும்."

"அப்போ, நேத்து வந்தவர் பக்கத்துல எப்பவோ வந்தவர் இருப்பாரா?"

"ஆமா. முன்னப் பின்ன தெரியாதவங்க... ஆனா பக்கத்துப் பக்கத்துல."

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் சுட்டது...

டிக்கெட் கொடுக்கும் அக்கா எட்டிப் பார்த்தாள். "தம்பி, லாரிக்காரர் வந்துட்டார்பா. உன் இழுப்பறையெல்லாம் எப்பப் பிரிக்கலாம்னு கேக்கறார். ராத்திரிக்குள்ள அடுத்த ஊர் போகணுமாமே!"

"இதெல்லாம்... நீங்க செஞ்சதா?"

"ஆமாங்க, ஆனா..."

"அப்போ நான் பேசினதெல்லாம் உங்களுக்கு வேடிக்கை. அடுத்த ஊர்ல சொல்லிச் சிரிங்க!"

விறுவிறுவென்று வெளியேறினாள். மழை விடவில்லை. திரும்பி உள்ளே போக ரோஷம் விடவில்லை. வாசலிலேயே நின்றாள்.

பின்னாலேயே ஓடி வந்தான். "வர்றவங்க எல்லாம் சூப்பர்னு சொல்லிட்டு, போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க. நீங்கதான் சண்டைக்கு வந்தீங்க. நான்தான் செஞ்சேன்னு சொன்னா, மரியாதையா பேச ஆரம்பிச்சிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

"என் வேலையைப் பத்திக் கேட்டீங்களே..." அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். "அதுவும் சும்மாவா?"

"இல்ல." இப்போது அந்தக் கண்களில் சிரிப்பு இல்லை. "நாளைக்கும் கேக்கணும் போல இருக்கு. லாரியை மட்டும் அனுப்பிட்டு இங்கயே இருந்துடலாமான்னு... என்னன்னு சொல்லத் தெரியலைங்க. மண்டைக்குள்ள எல்லாம் கலைஞ்சு கிடக்கு."

"கலைஞ்சதை அடுக்கத்தான் எனக்குச் சம்பளமே." கோபமாகத்தான் சொல்ல நினைத்தாள், உதட்டோரம் காட்டிக் கொடுத்துவிட்டது.

"உங்கள எனக்குப் பிடிச்சிருக்குங்க," என்றான், ஒரே மூச்சில்.

மழையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பார்க்க வேறெதுவும் மிச்சமில்லாமல் போகவே, அவனைப் பார்த்தாள்.

"எனக்கும்தான்... லாரிக்காரர் பாவம், காத்துக்கிட்டிருக்கார். நீங்க வரலைன்னு போய்ச் சொல்லிட்டு வாங்க."