இலக்கியாவின் கனைப்பு

இலக்கியாவுக்குச் சளி. வெள்ளிக்கிழமை வகுப்பில் தொண்டை கரகரத்தது. "க்கும்!" என்று கனைத்தாள்.

அவ்வளவுதான்! தூங்கிக்கொண்டிருந்த ராஜா எழுந்து கரும்பலகையைத் துடைத்தான். அம்பிகா டீச்சர் துடைப்பத்தை எடுத்துக் கூட்டினார். ஐந்தாம் வகுப்பே வேலை செய்தது. மணி அடித்தும் யாரும் நிற்கவில்லை.

தான் மட்டும் சும்மா நிற்க வெட்கப்பட்டு, இலக்கியாவும் ஒரு காகிதத்தைப் பொறுக்கினாள். உடனே எல்லாரும் நின்றார்கள்.

வீட்டில் இதைக் கேட்டதும் அப்பா ராஜராஜன் துள்ளிக் குதித்தார்.

"பாப்பா, அது உன் கொள்ளுத்தாத்தா கனைப்பு! அவரு வரப்புல நின்னு ஒரு தடவ கனைச்சா, பொழுது சாயுற வரைக்கும் ஒருத்தரும் நிமிர மாட்டாங்களாம். நானும் எவ்வளவோ கனைச்சுப் பாத்தேன். தொண்டதான் புண்ணாச்சு!"

மறுநாள் எறையூரில் அவர்கள் வயலுக்குச் செல்லப்பன் ஆட்களோடு கரும்பு வெட்ட வந்தார். அவர் மகள் கலையரசி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். இலக்கியாவோடு ஒரே பெஞ்சில் உட்காருபவள்.

"ஒரே ஒரு கனைப்பு பாப்பா. சாயங்காலம் பரோட்டா வாங்கித் தரேன்" என்றார் அப்பா.

பரோட்டா என்றால் இலக்கியாவுக்கு உயிர்.

"க்கும்!"

அரிவாள்கள் பறந்தன. அப்பாவும் வரப்பிலிருந்து குதித்து, கரும்பின் காய்ந்த இலையான சோகையை உரிக்கத் தொடங்கினார்! வாழ்நாளில் கரும்பைத் தின்றதைத் தவிர வேறு எதுவும் செய்யாத கை அது. இலக்கியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நிறுத்து பாப்பா! வேட்டி அவுருது!"

"எப்படிப்பா நிறுத்துறது?"

"தெரியலையே! தாத்தா நிறுத்தினதே இல்லையே!"

அப்போது பின்னால் ஒரு குரல். "இலக்கியா, கை எரியுதுடி."

கலையரசியும் சோகை உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் ரத்தம். செல்லப்பன் வறண்ட நாக்கோடு குடத்தையே பார்த்தார். கை மட்டும் வெட்டிக்கொண்டே இருந்தது.

இலக்கியாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிப்போய்க் கரும்பைப் பிடுங்கினாள். "நீ விடு, நான் உரிக்கிறேன்!"

சரக்கென்று ஒரு சோகையைக் கிழித்தாள். எல்லாக் கைகளும் நின்றன.

"அப்பா, நேத்தும் இப்படித்தான்! நான் வேலையில கை வச்சா நின்னுடுது. தாத்தாவுக்கு இது தெரியாதா?"

அப்பா வேட்டியை இறுக்கிக் கட்டினார். குரல் இறங்கிவிட்டது. "எப்படித் தெரியும்? அவரு எதுலயும் கையே வைக்கலையே."

செல்லப்பன் ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். "எங்க தாத்தா இந்த வயல்ல தண்ணிகூடக் குடிக்காம வெட்டுவாராம். அவ்வளவு சுறுசுறுப்புன்னு பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தோம்ங்க. இதுதானா விஷயம்?"

அப்பா தன் கீறல் விழுந்த கைகளைப் பார்த்தார். பிறகு குடத்தை எடுத்து, ஒவ்வொருவருக்கும் தானே தண்ணீர் ஊற்றினார்.

"தப்பு எங்க மேலதான் செல்லப்பண்ணே. இனிமே உங்களுக்கு முடியுறப்ப வெட்டுங்க, போதும்."

'அண்ணே' என்று அவர் கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

"அப்ப பரோட்டா எங்களுக்கும் உண்டுதானே?" என்றாள் கலையரசி, கையில் துணியைச் சுற்றிக்கொண்டே.

இப்போதும் இலக்கியாவுக்குச் சளி பிடிக்கும். ஆனால் தொண்டை லேசாகக் கரகரத்தாலே அப்பா சுக்குக் கஷாயத்தோடு ஓடி வந்துவிடுவார். யாரும் கனைக்காமலேயே!